அப்பா எழுந்திருக்கும் பக்கம்

அந்த முதியோர் இல்லத்தில் டீ நன்றாகப் போடுவார்கள் ஐயா. எப்போது போனாலும் இரண்டு கப் குடிப்பேன். பொதுக்கூடம், இருவர் அறை, அதற்கும் மேலே சிறப்பு அறை என்று மேலாளர் அம்மா எனக்கு விளக்கியதும் டீ குடித்துக்கொண்டேதான்.

அப்பா முதல் இரண்டிலும் தேறவில்லை. பார்வை மங்கல், ஞாபகம் சுத்தமாக இல்லை, ஆனால் காலில் மட்டும் சக்கரம். விடிந்ததும் நடக்க ஆரம்பித்துவிடுவார். அடுத்தவர் கட்டிலில் போய்ப் படுப்பார், அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். சிறப்பு அறையிலும் சரிப்படாவிட்டால் வீட்டுக்கே கூட்டிப்போய்விடுங்கள் என்று மேலாளர் அம்மா கையைப் பிசைந்தார்.

வீடு என்றால் நான்தான். தம்பி போனில் பாசமாக இருப்பவன். நான் தையல் கடையை மூடிவிட்டு வருடக்கணக்கில் அப்பாவின் பின்னாலேயே நடந்தவள். குளிக்கும்போதுகூடக் கதவை லேசாகத் திறந்துவைத்து அவர் காலடியைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவரை இல்லத்தில் விட்ட பிறகும் அந்தச் சத்தம் வீட்டைவிட்டுப் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன், படுத்தால் எழுந்துவிடுவேன். வெறுப்பு என்று நினைக்காதீர்கள். அவர் ஓரிடத்தில் இருந்தால் போதும் என்றிருந்தது.

சிறப்பு அறைகள் இரண்டு காலியாக இருந்தன. இரண்டிலும் அதே சோபா, அதே குளிர்சாதனம், ஜன்னலுக்கு வெளியே அதே மரங்கள். விருந்தினர் உட்காரும் பகுதியை மட்டும் அழகுக்காக இரண்டு பளிங்குப் படி இறக்கிக் கட்டியிருந்தார்கள். ஓர் அறையில் கட்டிலுக்கு இடப்பக்கம் கழிவறை, வலப்பக்கம் படிகள். இன்னொன்றில் இது அப்படியே மாறியிருக்கும்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண் கெட்டிக்காரி. அதுவரை அவர் கட்டில் சுவரை ஒட்டியே இருந்ததால் அவளுக்கு ஒன்று தெரியவேண்டியிருந்தது.

"அப்பா எந்தப் பக்கமா எந்திரிப்பாருக்கா? அதப் பாத்துதான் ரூம் போடணும். பழகின பக்கம்தான் கால் போகும்."

நல்ல கேள்வி. தம்பியைக் கேட்டிருந்தால் விழித்திருப்பான். அப்பா எனக்குத் தெரிந்த நாளிலிருந்து இடப்பக்கம்தான் எழுவார். எழுந்த வேகத்தில் நாலு எட்டு நடந்தும்விடுவார்.

"வலது பக்கம்மா," என்றேன்.

அவள் அதை நம்பி, வலப்பக்கம் கழிவறை உள்ள அறையைக் கொடுத்தாள். இடப்பக்கம் படிகள்.

கணுக்கால் போகும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். கணுக்கால் போனால் சக்கர நாற்காலி, அவ்வளவுதானே. அவருக்கும் ஓய்வு. மறுநாள் காலையே விழுந்தார். இடுப்பு முறிந்தது, தலையிலும் அடி. ஆஸ்பத்திரியில் அசையாமல் கிடந்தார். அந்த நாட்களில் நான் வயிறாரச் சாப்பிட்டேன், அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். பிறகு அவர் போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம்.

"நான்தான்க்கா சரியா கேட்டுக்கல போலிருக்கு," என்று தேம்பினாள்.

எனக்குப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாதம்மா. யார் மேலயும் தப்பு இல்ல," என்றேன்.

ஆறுதலுக்காகச் சொன்னதல்ல ஐயா. மனதாரத்தான் சொன்னேன்.