வால்டர் இல்லை

காசிமேட்டில் எனக்கு மீன் வாங்கத் தெரியாது. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவேன், மனைவி ஜானட் திட்டுவாள். பேரம் பேச வாய் வராது, இன்ஸ்பெக்டர் சார். வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் வரும். இருபத்திரண்டு வருடப் பத்திரிகை வேலையில் அதுதான் எனக்குப் பேர் வாங்கித் தந்தது.

எண்ணூர் ரசாயன ஆலை ஒன்றில் வாயு கசிந்ததை மறைத்தார்கள். கசிவைக் குறித்திருந்த பதிவேட்டைப் படமெடுத்து எனக்குத் தந்தவர் அங்கே வேலை செய்பவர். செய்தி வந்ததும் ஆலைக்கு சீல் வைத்தார்கள். நானூறு பேருக்கு வேலை போனது. நிர்வாகம் பிரஸ் கவுன்சிலுக்குப் போனது. தகவல் தந்தவர் யார் என்று சொல்லும்படி அங்கே என்னை வற்புறுத்த முடியாது, சட்டத்திலேயே இருக்கிறது. சொல்ல மறுத்தேன். ராயபுரம் முழுக்க என் படத்தோடு போஸ்டர். சந்தோஷமாகத்தான் இருந்தது.

வேலை போனவர்கள் யார்மேலாவது பாய வேண்டுமே. பதிவேடு எழுதுபவர் காத்திவாக்கத்து வால்டர். செல்போனில் படம் எடுக்கக்கூடத் தெரியாத மனுஷன். அவர்தான் காட்டிக்கொடுத்தார் என்று முடிவு கட்டி, அவர் வீட்டின்மேல் கல்லெறிந்தார்கள்.

படம் தந்தவர் என்னிடம் ஓடி வந்தார்.

“எம்பேர சொல்லிடு சார். வால்டர அடிச்சே கொன்னுடுவானுங்க. நான் சொன்னா, தோஸ்த காப்பாத்த பொய் சொல்றேன்றானுங்க.”

முடியாது என்றேன்.

“எம்பேரு வாணாம். வால்டர் இல்லனாச்சும் சொல்லு.”

பொறுமையாக விளக்கினேன். ஒவ்வொருவராகக் கழித்தால் கடைசியில் மிஞ்சுவது நீங்கள்தான், உங்களைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்றேன்.

“காப்பாத்த சொல்லி நானா சார் கேட்டேன்?” என்று அழுதார்.

என்னை வற்புறுத்தக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. நானாகச் சொல்லக் கூடாது என்று எங்கும் இல்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பாராட்டுக் கூட்டம். பூமாலைக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள்.

நான் மேடையில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பஸ் ஸ்டாப்பில் வால்டரை அடித்தார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

அடக்கத்துக்குப் போனேன். அவர் மனைவி கிறிஸ்டினா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஊரே அவர துரோகின்னு சொல்லிகினு கீது. அவரு இல்லனு என் காதுலயாவது சொல்லு சார்.”

கஷ்டமாக இருந்தது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். அவரிடம் சொல்லிவிட்டால், ஒரு வாரம் முன்பே சொல்லியிருக்கலாம் என்று ஆகிவிடும் அல்லவா, சார்.