பட்டுப் பிரிவில் பழகிய மரம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கை ஒல்லி. ஜாடியின் அடியில் தங்கிப்போன கடைசி மாவடுவை எடுக்க, எங்கள் மந்தைவெளிக் குடியிருப்பில் நாலு வீட்டுக்காரர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கையை விடுவேன், எடுப்பேன், கழுவிக்கொண்டு வந்துவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் ஹரி. கல்லூரியில் கடைசி வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டார் செய்கிறேன். மயிலாப்பூரில் ஒரு மாவு மில்லுக்கு மேலே ஜெனிதா அக்காவின் பட்டறை இருக்கிறது. கீழே இருந்து மாவும் மேலே இருந்து மரத்தூளும் மாடிப்படியில் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். அக்கா நொச்சிக்குப்பத்துக்காரர். கிட்டார் செய்வது அவருக்குப் பிழைப்பு. பொழுதுபோக்குக்காக வருபவர்கள் மூன்று பேர்: நான், சைதாப்பேட்டையில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் காதர் பாய், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கணேசமூர்த்தி அண்ணாச்சி.

நடந்ததை எழுதித் தரும்படி அக்கா கேட்டிருக்கிறார். "கத வுடாத. மரவேல தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுது" என்றார். ஆகவே ஒரே ஒரு பத்தி பாடம்.

கிட்டாரின் முகப்பலகை மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. ஆறு கம்பியும் சேர்ந்து அதை இழுக்கும் இழுப்பு கிட்டத்தட்ட எழுபது கிலோ. அதாவது, கணேசமூர்த்தி அண்ணாச்சி ஓர் அப்பளத்தைப் பிடித்துத் தொங்குவது போல. அப்பளம் நொறுங்காமல் இருக்க, அதன் உட்பக்கம் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டுவோம். சட்டம் கனமாக இருந்தால் கிட்டார் நூறு வருடம் நிற்கும், ஆனால் நாற்காலியைத் தட்டின மாதிரி கேட்கும். சட்டத்தை இழைக்க இழைக்கச் சத்தம் மலரும். ரொம்ப இழைத்தால் ஒருநாள் பலகை உள்ளே போய்விடும். எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் இந்தத் தொழிலே.

கம்பி பூட்டிய பிறகும் இழைக்கலாம். கம்பியைத் தளர்த்தி, நடு ஓட்டை வழியாகக் கையை விட்டு, கட்டைவிரல் அளவு இழைப்புளியால் தடவித் தடவிச் சீவ வேண்டும். போன வருடம் பழுதுக்கு வந்த ஒரு கிட்டாரோடு அக்கா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் கை உள்ளே திரும்பவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா கை மேன் இது, முருங்கக்கா மாதிரி கீது. வா, உள்ள வுடு."

விட்டேன். அன்று அவர் சொல்லிக்கொடுத்த விதியை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். "இன்னும் ஒரே ஒரு இழுப்பு இழுத்தா சூப்பரா பேசும்னு தோணும் பாரு, அப்பதான் கைய வெளிய எடுக்கணும்." நான் தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டுவது நன்றாக வரும்.

இனி அண்ணாச்சியின் கிட்டார்.

இரண்டு வருடமாக அதைச் செய்தார். மகள் மதுமதியின் திருமண வரவேற்பில் மேடையேறி ஒரு பாட்டு வாசிக்க வேண்டும், தன் கையால் செய்த கிட்டாரில். அவ்வளவுதான் அவர் ஆசை. மகளுக்குத் தெரியாது. பாட்டுக்கு வேண்டிய மூன்று கார்டுகளை, அதாவது கம்பிகளில் விரல்களைச் சேர்த்து வைக்கும் மூன்று பிடிகளை, கல்லாவில் உட்கார்ந்து, அளவுகோலைக் கிட்டார் கழுத்தாக நினைத்துப் பழகியிருந்தார். ஆனால் துணிக்கடைக்காரர் இல்லையா, எதிலும் தையலுக்குத் தாராளமாக விடுவார். சட்டத்தை இன்னும் இழைக்கச் சொன்னால், "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்டே, துவைச்சா சுருங்கும்லா" என்பார்.

ஏப்ரலில் கம்பி பூட்டி முதல்முறை வாசித்தார். அது கிட்டார் வடிவத்தில் இருந்த பீரோ. நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"உண்மையைச் சொல்லுங்கடே. என் பிள்ளைக்கு முன்னால வாசிக்கணும்."

"நல்ல வெயிட்டு அண்ணாச்சி" என்றார் காதர் பாய்.

"கொஞ்சம் பழகணும் அண்ணாச்சி" என்றார் அக்கா.

மரம் பழகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது. வாசிக்க வாசிக்கப் பலகை இளகிக் குரல் கொடுக்குமாம். அதில் கொஞ்சம் உண்மையும் நிறைய ஆறுதலும் உண்டு. அண்ணாச்சி முழுவதையும் நம்பினார். மறுநாளே கிட்டாரைக் கடைக்குக் கொண்டுபோய், பட்டுப் புடவையில் சுற்றி, பட்டுப் பிரிவில் நாள் முழுக்க நாதஸ்வரம் ஓடும் ஸ்பீக்கருக்கு எதிரே நிறுத்திவைத்தார்.

"மரம் இன்னா எல்கேஜி பிள்ளையா, பாட்டு கேட்டு வளர?" என்று அக்கா சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி கிட்டாரோடு வந்தார். மூவரும் பிரியாணிக்குப் போனார்கள். நான் தயிர்சாதம் கொண்டுவருகிறவன். மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை பட்டறையில் தனியாக இருப்பேன். தயிர்சாதம் சாப்பிட ஏழு நிமிடம் போதும். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கம்பியைத் தளர்த்தி, கையை விட்டு, எட்டே எட்டு இழுப்பு. திரும்ப முறுக்கிச் சுருதி சேர்த்துப் புடவையைச் சுற்றி வைத்துவிட்டேன். சீவல்களை ஒரு ஊறுகாய் ஜாடியில் போட்டுக்கொண்டேன்.

அண்ணாச்சி பல்லைக் குத்திக்கொண்டே வந்து வாசித்தார். குச்சி வாயிலிருந்து விழுந்தது.

"ஏ கேட்டியளா! மரம் பழகுதுல்லா!"

ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. காதர் பாயை இழுத்து வைத்து நாதஸ்வரத்தின் அதிர்வு பற்றி விளக்கினார். அடுத்த வாரமும் முன்னேற்றம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் மனது என்ன பாடுபடும்? ஆகவே அடுத்த வாரமும் எட்டு இழுப்பு. அதற்கடுத்த வாரம் பத்து.

மே மாதம் காதர் பாய் தன் கிட்டாரையும் அந்தக் கடையில் கொண்டுபோய் வைத்தார். அவருக்குக் காஞ்சிபுரம் பட்டு கிடைக்கவில்லை, ஆரணிப் பட்டுதான். இப்போது என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். அண்ணாச்சியின் மரம் மட்டும் பழகி, காதர் பாயின் மரம் பழகாவிட்டால், அண்ணாச்சியின் கொள்கை பொய்யாகிவிடும். பாயும் நொந்துபோவார். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆரணி என்பதால் இரண்டு இழுப்பு குறைவாகப் போட்டேன். நியாயம் வேண்டும் இல்லையா?

"எப்பா, பட்டுலயும் தரம் பேசுது நைனா" என்று காதர் பாய் வியந்தார்.

ஜெனிதா அக்கா கடைசிவரை நம்பவில்லை. கடைசிவரை என்றால், ஜூலை மூன்றாவது ஞாயிறுவரை. அன்று அண்ணாச்சியின் கிட்டாரை வாங்கி அவரே வாசித்தார். பிறகு கிட்டாரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அண்ணாச்சி, உங்க கடைல இன்னும் எடம் கீதா?" அதற்குப் பிறகு பட்டறையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு கிட்டாரும் முதலில் ஒரு வாரம் பட்டுப் பிரிவில் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்து, மறுநாள்தான் வாடிக்கையாளரிடம் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் தயிர்சாதம்தான் கொண்டுவந்தேன்.

வரவேற்பு ஆகஸ்ட் கடைசியில், தி.நகரில். மண்டபம் நிறையக் கூட்டம். அண்ணாச்சி சந்தன நிறச் சட்டையோடு மேடையேறினார். மதுமதி மாலையோடு நின்றவள், அப்பா புடவைப் பொட்டலத்தைப் பிரித்துக் கிட்டாரை எடுப்பதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது அப்பா செஞ்சதும்மா" என்றார் மைக்கில்.

வாசித்தார். நான் கேட்ட கிட்டார்களிலேயே அவ்வளவு இனிமையாக எதுவும் ஒலித்ததில்லை. ஐஸ்க்ரீம் வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்தின் இரண்டாவது கார்டில், தேங்காய் உடைத்தது போல ஒரு சத்தம். முகப்பலகை உள்ளே போயிற்று. கம்பிகள் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கின. முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இது இப்ப புதுசா சேத்த சடங்கா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

மதுமதிதான் மைக்கை வாங்கினாள். "ரெண்டாவது சரணம் எனக்குத் தெரியும்ப்பா" என்று சொல்லி, பாட்டை அவளே பாடி முடித்தாள். சுமாராகத்தான் பாடினாள். மண்டபமே கைதட்டியது. அண்ணாச்சியும் கைதட்டினார். ஆனால் கண் கிட்டாரிலேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு உடைந்ததைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார். தன் உளிகளை எடுத்துக் காதர் பாயிடம் கொடுத்தார்.

"துவைச்சா சுருங்கும்னு கூடத்தான்டே விட்டேன். ஒட்டு விட்டுட்டு போலிருக்கு. என் கை சரியில்லைடே."

நான் அவர் தோளில் கை வைத்தேன். "சில கைகளுக்கு அமையாது அண்ணாச்சி" என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது நல்லாச் செய்யிடே" என்றார். அதன் பிறகு மூன்று வாரம் அவர் பட்டறைக்கு வரவில்லை. நான் தொந்தரவு செய்யவில்லை.

மூன்றாவது வாரம் அக்கா, அண்ணாச்சி விட்டுப்போன உடைந்த கிட்டாருக்குள் கண்ணாடியும் விளக்கும் விட்டுப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியை ஃபோன் போட்டு வரவழைத்து எங்கள் எல்லோரையும் மேசையைச் சுற்றி நிறுத்தினார்.

"அண்ணாச்சி வெச்ச சட்டம் படகுத் துடுப்பு மாதிரி இருந்துச்சு. இப்ப உள்ள ஈர்க்குச்சி கீது. ஒட்டு ஒண்ணும் வுடல. எவனோ சீவிக்கினு இருந்துருக்கான். ஒவ்வொருத்தரா கைய வுடுங்க."

அண்ணாச்சியின் கை மணிக்கட்டோடு நின்றது. காதர் பாயின் கை அதற்குக் கொஞ்சம் மேலே. என் முறை வந்தபோது தயங்காமல் விட்டேன். முழங்கைவரை போய், உள்ளே திரும்பி, மூலையில் இருந்த கடைசிச் சட்டத்தைத் தொட்டது. பழக்கமான இடம்.

"அடப்பாவி" என்றார் காதர் பாய்.

அண்ணாச்சி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஜெனிதா, ஒட்டு விடலைன்னா சொன்னே?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறை "விடல அண்ணாச்சி, கல்லு மாதிரி நிக்குது" என்று அக்கா சொன்னதும் முகம் அப்படி மலர்ந்தது. காதர் பாயிடமிருந்து உளிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இனிமேல் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு இன்னொன்று ஆரம்பித்திருக்கிறார். இரண்டு மடங்கு கனத்தில். ஆக, அவர் சந்தோஷத்துக்கு முதலிலும் நான்தான் காரணம், கடைசியிலும் நான்தான் காரணம். இதை யாரும் குறிப்பிடாததால் நான் குறிப்பிடுகிறேன்.

அதன் பிறகு அக்காவுக்கு ஏதோ உறைத்தது. மெதுவாக, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஹரி, அண்ணாச்சிது மட்டுந்தானா?"

ஜாடியை எடுத்துக் காட்டினேன். முக்கால்வாசி நிறைந்திருந்தது.

காதர் பாயுடையதைச் சேர்க்காமல் பதினொன்று. அடையாறில் நான்கு, பெசன்ட் நகரில் மூன்று, சாந்தோமில் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு இரண்டு, ஆழ்வார்ப்பேட்டையில் ஒன்று, அண்ணா நகரில் ஒன்று. ஆமாம், இந்தத் தாள் உங்கள் கைக்கு வந்திருக்கிறதென்றால் அந்தப் பதினொரு பேரில் நீங்களும் ஒருவர். பட்டறைக்கு ஃபோன் செய்து, வாங்கிய நாளைவிட இப்போது இன்னும் நன்றாக ஒலிக்கிறது என்று அக்காவை நீங்கள் பாராட்டியிருப்பீர்கள். அந்தப் பாராட்டை நான் அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. சட்டம் தளரத் தளர அப்படித்தான் கேட்கும்.

அக்கா கட்டாயம் சேர்க்கச் சொன்ன வாக்கியம் இது: படித்த உடனே கம்பிகளை முழுக்கத் தளர்த்திவிட்டு, கிட்டாரைப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், மழைக்காலம் வருகிறது, மரம் ஈரம் குடித்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும், அக்காவே புதுச் சட்டம் போட்டுத் தருவார். நான் சேர்க்கும் வாக்கியம் இது: தளர்த்துவதற்கு முன் ஒரே ஒருமுறை வாசித்துக் கேளுங்கள். அவ்வளவு நன்றாக அது இனி ஒலிக்காது.

அக்கா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார், அதையும் எழுதச் சொன்னார். பட்டறையில் என் கிட்டாரும் இருக்கிறது. ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தபோது என் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "ஆத்துல முறுக்கு டப்பாவ யாருடா தட்டறது" என்று கேட்டது எல்லோருக்கும் தெரியும். எல்லாருடையதையும் இழைத்தவன் அதை மட்டும் ஏன் தொடவில்லை என்பது கேள்வி.

ஆறு மாதம் கண்விழித்துச் செய்தது. உடைந்துவிட்டால்?