தென்துருவத்துக்கு ஒரு ஸ்வெட்டர்

சிம்மக்கல்லிலிருந்து திருமங்கலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவளுடைய அண்ணன் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“கடலடி மண்ணுல புதைஞ்ச, கண்ணுக்கே தெரியாத சின்ன உயிரோட ஓட்டப் பாக்க ரெண்டு மாசம் கப்பல்ல போறேன்னா அப்பா விடுவாரா மதினி?”

“அதுல அப்படி என்னடி இருக்கு?”

“குளிர்ல வாழ்ந்த உயிருக்கு ஒரு ஓடு, வெதுவெதுப்புல வாழ்ந்ததுக்கு வேற ஓடு. எது கிடைக்குதோ அத வச்சு, தென்துருவக் கடல் அந்தக் காலத்துல எம்புட்டுக் குளிரா இருந்துச்சுன்னு சொல்லிரலாம்.”

மதினி உடனே மாமனாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “மாமா, நம்ம புள்ளைக்கு தென்துருவக் கடலுக்குப் போற ஆராய்ச்சிக் கப்பல்ல இடம் கிடைச்சிருக்கு. நான் போகச் சொல்லிட்டேன்.”

அந்தப் பெண் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்புட்டுக் குளிருக்கு ஏத்த ஸ்வெட்டர் மதுரையில எங்கத்தா விக்கிறாய்ங்க?” என்றார் அப்பா.