ஜான்சன் போட்ட முடிச்சு

— யோவ் ஜான்சன், நீ அந்தக் கப்பல்ல நெசமாவே ஒயினுதான் ஊத்திக் குடுத்துக்கினு கீறியா? இல்ல கஷாயம் ஊத்துறியா?

— ஏன் ஜாசு, இன்னா ஆச்சு?

— வாயெல்லாம் கசக்குது. அடையார் மேடம் கிறிஸ்மஸுக்கு சாக்லேட் கேக்கு கேட்டாங்கன்னு சொன்னேன்ல? கூடவே ஒரு ரெட் ஒயின் பாட்டிலையும் கைல குடுத்து, "ஜாஸ்மின், உன் கேக்கோட இது சேருதான்னு பாத்து சொல்லு"ன்னாங்க. ஒரு வாய் கேக்கு, ஒரு மடக்கு ஒயினு. த்தூ! நெலவேம்பு தோத்துது போ. என் கேக்குலதான் கோளாறுன்னு இப்ப இன்னொன்ன அடுப்புல மணல் சட்டிக்குள்ள வேக வெச்சிக்கீறேன்.

— உன் கேக்குல இன்னா கோளாறு? பாட்டில்ல டிரைன்னு போட்டுக்கீதா பாரு.

— போட்டுக்கீது. ஈரமா தண்ணியாட்டம் கீது, அதுல இன்னாய்யா டிரை?

— ஐயோ, டிரைன்னா இனிப்பு இல்லாததுடி! கேளு. சாக்லேட்டுக்குள்ளயே ஒரு கசப்பு கீது. நீ சக்கரய போட்டு அத மூடி வெச்சிக்கீற. இனிப்பே இல்லாத ஒயின அதுமேல ஊத்துனா ரெண்டு கசப்பும் ஒன்னா எழுந்து நிக்கும். கேக்கு இனிக்கிறத விட ஒயினு ஒரு படி மேல இனிக்கணும். கப்பல்ல எனக்கு மொத மொத சொல்லிக் குடுத்ததே அதான்.

— ஓஹோ. எதிர்ல கசப்பு கீதுன்னா நாமதான் கொஞ்சம் கூட இனிக்கணும். ஒயினுக்குத் தெரியுது. உனக்குத்தான் தெரில.

— ஜாசு...

— இன்னா ஜாசு? லீவுக்கு வரேன், வரேன்னுட்டு ரெண்டு வாட்டி கான்ட்ராக்ட்ட நீட்டிக்கினியே, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? போன கிறிஸ்மஸுக்கு குப்பமே மாதா கோயிலு வாசல்ல நின்னுச்சு. தேவானக்கா கேக்குது, "உன் வூட்டுக்காரன் இன்னாடி ஆனான்?"னு. சிரிச்சிட்டு வந்துட்டேன். வூட்டுக்கு வந்துதான் அழுதேன்.

— அத விடு. கேக்குக்கு வழி சொல்லவா, வாணாவா?

— சொல்லித் தொல.

— நம்ம ஜாடி கீதுல்ல? திராட்சயும் சக்கரயுமா ஒயினுக்கு நாம ஊற வெச்சோமே, அது. சாக்லேட்டுக்கு அதான் ஜோடி. ஒரு கிளாஸ் ஊத்திப் பாரேன்.

— அத நான் தொறக்க மாட்டேன்.

— ஏன்?

— ஏனா? கெளம்புறதுக்கு மொத நாளு மூடி மேல துணிய சுத்தி, வலைக்குப் போடுற முடிச்சா போட்டு, "நான் கட்டுனத நான் வந்துதான் அவுப்பேன்"னு சொன்னது யாரு? என் தம்பி கல்யாணத்துக்கே கேட்டானுங்க. கைய வெக்காதீங்கடான்னுட்டேன்.

— இந்நேரம் புளிச்சி காடியா போயிருந்தா?

— போவட்டும். நீ குடிச்சிட்டு மூஞ்சிய சுளிக்கிறத நான் பக்கத்துல குந்திக்கினு பாக்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும்.

— நான் வந்தா தொரத்திட மாட்டியே?

— மொதல்ல வா. தொரத்துறதப் பத்தி அப்பால பேசலாம். இன்னாய்யா அது, அல சத்தம் கேக்குது?

— கப்பல்ல அல சத்தம் கேக்காம ரயிலு சத்தமா கேக்கும்?

— நக்கலு! யோவ், ஒன்னு சொல்றேன், சிரிக்கக் கூடாது. உன் கட்டம் போட்ட சட்டய தோய்க்காமலே வெச்சிருந்தேன். நேத்து எடுத்து மோந்து பாக்குறேன், வெறும் பீரோ வாசனதான் வருது. பயந்துட்டேன்யா. இந்த ஆளு இனிமே வரவே மாட்டானோன்னு.

— அழாதடி. ஐயையோ, பேசிக்கினே கீறியே, அடுப்பப் பாரு! கேக்கு அடி புடிக்குது, கருகுற வாசன வருது!

— மாதாவே, ஆமாய்யா! இரு, எறக்கிடறேன்... எறக்கிட்டேன். அடிலதான் லேசா... யோவ்.

— இன்னா?

— போன்ல எப்பிடிய்யா வாசன வரும்?

— ஜன்னலு தொறந்துதான கீது, ஜாசு.

— கதவு சும்மாதான் சாத்திக்கீது. உள்ள வந்து முடிச்ச அவுத்து வுடு.