மூடி மூடாத பெட்டி

— இல்ல குரு, இன்னொரு வாட்டி சொல்லு. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள எவ்ளோ எடம் கீது?

— ஏழு சென்டிமீட்டர், சில்வெஸ்டர். ப்ராசஸர் தலையிலருந்து மூடி வரைக்கும். கொஞ்சம் கூடவே இருக்கும். நானே அளந்தேன்.

— மேல மாட்டின கூலர் ஒசரம் இன்னா?

— ஆறரை. பேசிக்கலி, அரை சென்டிமீட்டர் காத்துக்கு.

— அப்ப மூடி மூடணுமே.

— மூடல.

— எவ்ளோ தூக்கினு நிக்குது?

— ஒரு விரல் அளவுக்கு.

— ஏங்க, அவரு ஆஸ்டின் டவுன்லருந்து வந்து இன்னும் ஹெல்மெட்டே கழட்டல. உக்காரச் சொல்லிட்டு அப்புறம் காட்டுங்க உங்க பெட்டிய.

— பரவால்ல சிஸ்டர். தையல் மிஷின் தூக்கணும், லக்கேஜ் ஆட்டோ ஒண்ணு பேசிக் கூட்டினு வான்னு உங்க ஊட்டுக்காரன் ரகுராம் சொன்னான். ஆட்டோ கீழ நிக்குது. வந்து பாத்தா கம்ப்யூட்டருக்கு வைத்தியம்.

— ரெண்டும் ஒரே விஷயந்தாண்ணா. இந்த ஈஜிபுரா வீட்ல டேபிள் போட இருக்கிறது ஒரு மூலை. அதுல என் மிஷின் இருக்கு. ‘குட்டிப் பெட்டிதான், சிந்து, டிவி ஸ்டாண்டு அடித்தட்டுல போயிடும், உன் டேபிள தொடவே மாட்டேன்’னு சொல்லித்தான் இத வாங்கினாரு. இப்ப மூடி மூடல. மூடாம அடித்தட்டுல நுழையாது. அதனால டேபிள் இவருக்கு, மிஷின் அடுகோடிக்கு.

— அடுகோடில யாரு?

— எங்க அண்ணன் வீடு. மொட்டை மாடியில ஒரு ரூம் இருக்கு. ஜன்னலுக்குக் கதவு கிடையாது. காத்து பிச்சுக்கிட்டுப் போகும்.

— சிந்து, ஒரு விஷயம் கிளியரா பேசிடலாம். தையல விட்டுடறேன்னு நீதான் சொன்ன. நான் சொல்லல.

— நான்தான் சொன்னேன். இல்லைங்கல. கை தப்புதுண்ணா. கல்யாணத்துக்கு முன்னாடிலருந்து தைக்கிறேன், ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்ல. இந்த ஒரு மாசமா எது தச்சாலும் இறுக்கம். கீழ் வீட்டு சந்திரம்மா பிளவுஸ் ஹூக்கு போட்டுட்டு மூச்சு விட முடியாம மேல ஏறி வந்து, ‘ஏன் சிந்து, நன்ன சாயிஸ்தியா’ங்கறாங்க. சாகடிக்கப் பாக்குறியான்னு கேக்கறாங்கண்ணா, சிரிக்காதீங்க.

— சிரிக்கல சிஸ்டர். இருமல்.

— அந்தம்மா வெயிட் போட்டிருப்பாங்க. சிம்பிள்.

— எட்டு பேரு திருப்பிக் குடுத்திருக்காங்க. எட்டு பேருமா ஒரே மாசத்துல வெயிட் போடுவாங்க?

— ஏன் கூடாது? தசரா முடிஞ்சிருக்கு. ஸ்வீட்டு, சுண்டல், பொரி. டேட்டாவ அந்தக் கோணத்துல பாக்கணும்.

— கண்ணு டாக்டர்கிட்டயும் போயிட்டு வந்தேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு. அப்ப கைதான்னு முடிவு பண்ணிட்டேன். விடுங்க. அண்ணா, டீ போடட்டுமா?

— போடுங்க. குரு, இதுக்கு முன்னாடி இன்னா மாட்டினே?

— முதல்ல ஒண்ணு, ஒசரம் மூணே முக்கால். மூடி அழகா மூடிச்சு. ஆனா தொண்ணூத்தெட்டு டிகிரி போயி மெஷின் ஆஃப் ஆயிடும். பதினாறு கோர் இல்லயா, அதோட எனர்ஜி வேற லெவல். அப்புறம் அஞ்சரைல ஒண்ணு. மூடல. இப்ப இந்த ஆறரை. இதுவும் மூடல.

— பெட்டி கம்பெனிக்காரன் எவ்ளோ வரைக்கும் போடலாங்கறான்?

— நாலு புள்ளி ஏழு.

— அப்ப அதானே குரு வாங்கணும்?

— நீயுமா? கம்பெனிக்காரன் கன்சர்வேட்டிவாத்தான் போடுவான். லீகல் பயம். நான் ஒரு சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட். அடுத்தவன் எழுதின நம்பர நம்பி ஒரு முடிவு எடுக்க மாட்டேன். அளந்தேன், ஏழு. அப்ப யாரு பொய் சொல்றா? கூலர் பண்றவங்க. ஆறரைன்னு போட்டு எட்டரை அனுப்பறாங்க.

— அஞ்சரைக்காரனுமா?

— எல்லாரும். இண்டஸ்ட்ரியே அப்படித்தான்.

— எட்டு பொம்பளைங்க குண்டாயிட்டாங்க, கூலர் கம்பெனி எல்லாம் பொய் சொல்லுது. நம்ம வீட்ல நீங்க ஒருத்தர்தாங்க அளவா இருக்கீங்க.

— சிந்து, டீ.

— எனக்கு மண்டை கொழம்புது குரு. மூடியில ரவுண்டா ஒரு ஓட்டை போட்டுட்டா? யூட்யூப்ல ஒருத்தன் போட்டு, அதுல கூலர் தலை வெளிய எட்டிப் பாக்குது. ஜம்முனு கீது.

— அலுமினியம், சில்வெஸ்டர்! அதோட டிசைன் லாங்குவேஜே கெட்டுடும்.

— இல்லன்னா கூலர் மேல கீற ஃபேன கழட்டிடு. ஒசரம் கொறயும்.

— ஃபேன் இல்லாத கூலர் எதுக்கு?

— அதுவும் கரெக்டு. சரி, இது மேல இன்னாதான் ஓட்டப் போறே?

— ஏஐ. வெளிய ஒரு வார்த்தை போகாம, வீட்டுக்குள்ளயே ஓடற ஏஐ. ப்ரைவசி.

— ஓடிச்சுண்ணா, பாத்தேன். பீர்க்கங்கா துவையலுக்குப் புளி எவ்ளோன்னு கேட்டாரு. யோசிச்சுது, யோசிச்சுது, சூடாயி அணைஞ்சு போச்சு. அதுக்குள்ள நான் துவையல் அரைச்சு, சாப்பிட்டு, மிக்ஸியும் கழுவிட்டேன். இந்தாங்க டீ.

— தேங்க்ஸ் சிஸ்டர். ஒரு நிமிஷம் குரு, டார்ச் காட்டு. சைடு ஃபேனுக்கு அடியில மஞ்சளா, ரிப்பன் மாதிரி இன்னா அது?

— அதுவா? வைப்ரேஷன் டேம்பனர். ஃபேன் டர்ர்னு ஆடிச்சு. நானே ஃபேப்ரிகேட் பண்ணேன்.

— மேல நம்பர் போட்டுக்கீதே.

— இங்க குடுங்கண்ணா.

— எடுக்காத சில்வெஸ்டர், ஃபேன் ஆடும்!

— ஏங்க, இது என் டேப்பு.

— ஒரு இஞ்சு. ஒரே ஒரு இஞ்சு சிந்து. உன் டேப்பு அறுபது இஞ்சு. யாருக்கு அறுபது இஞ்சு இடுப்பு இருக்கு சொல்லு.

— எந்தப் பக்கம் வெட்டினீங்க?

— ஆரம்பத்துல. வெட்டிட்டு அப்படியே விட்டேனா? அந்தப் பித்தளை முனைய நெம்பி எடுத்து, குறடால அமுக்கித் திரும்ப மாட்டி வச்சேன். புதுசு மாதிரி இருக்கும். நான் எதையும் அரைகுறையா விடறதில்ல.

— அதான் எனக்குத் தெரியல. முனைய மாரு மேல வச்சு அழுத்திட்டு, சுத்தி வந்த மறு கோடிலதானே நம்பர் பாப்பேன். முதல் நம்பர யாரு பாக்கறா? பெட்டிய எதால அளந்தீங்க?

— இதே டேப்புலதான்.

— வெட்டின பின்னாடியா?

— ஆமா. ஏன்?

— அய்யோ குரு! டேப்பே ஒண்ணுலருந்துல்ல ஆரம்பிக்குது! ஒரு இஞ்சுன்னா ரெண்டரை சென்டிமீட்டர். உன் ஏழே சொச்சத்துல ரெண்டரை போனா நாலே முக்காலுக்குக் கிட்ட வருது. பெட்டிக்காரன் கரெக்டாத்தான் போட்டுக்கீறான்! நாலு புள்ளி ஏழு வாங்கி மாட்டு, மூடி மூடிக்கும். முடிஞ்சுது பேஜாரு!

— பாத்தியா சிந்து? ரூட் காஸ் கண்டுபிடிச்சாச்சு.

— எப்ப வெட்டினீங்க?

— ஆயுத பூஜைக்கு மறுநாள். பூஜை போட்டுட்டுத்தானே அசெம்பிள் பண்ணேன்.

— சந்திரம்மா பிளவுஸ் அதுக்கப்புறம் வெட்டினது. எட்டுமே அதுக்கப்புறம்.

— வெயிட், வெயிட். லாஜிக்கா யோசி. உடம்பையும் இதே டேப்புல அளக்கற. துணியையும் இதே டேப்புல அளக்கற. பேசிக்கலி, எரர் கேன்சல் ஆயிடும்.

— உடம்ப சுத்தி ஒரு தடவை அளப்பேன். துணிய நாலா மடிச்சு, நாலுல ஒரு பங்கு வச்சுக் குறிப்பேன். குறிக்கிற இடத்துல ஒரு இஞ்சு குறைஞ்சா, மடிப்பப் பிரிச்சா நாலு இஞ்சு குறையும். உடம்புல அளந்தப்ப ஒண்ணு ஏறியிருக்கும். அதக் கழிச்சாலும் மூணு இஞ்சு இறுக்கங்க. ஓரத்துல விட்ட துணியெல்லாம் பிரிச்சு விட்டும் பத்தலையேன்னு, வெட்டற கைய நானே அடிச்சுக்கிட்டேன்.

— ஓ.

— அப்ப என் கையில ஒரு குறையும் இல்ல.

— ரைட். ஸோ... ரெண்டு ப்ராப்ளமும் சால்வ்டு. குட். நாலு புள்ளி ஏழு இன்னிக்கே ஆர்டர் போட்டுடறேன். அது வர்ற வரைக்கும் மட்டும் இது டேபிள்ல இருக்கட்டும். என்ன சிந்து, ஓகேதானே? சில்வெஸ்டர், மிஷின அந்தப் பக்கம் புடி.

— மிஷின விடுங்க சில்வெஸ்டர் அண்ணா. ஆட்டோவ அனுப்பிடாதீங்க, இந்தப் பெட்டிய ஏத்துங்க. அடுகோடி ரூம்ல நல்லாக் காத்து வரும், மூடியே வேண்டாம்.