கியர் போட ஓர் ஆள்

– கியர் லீவர் நகரலைங்க. நியூட்ரல்லயே கல்லு மாதிரி நிக்குது.

– பலமா இழும்மா. கட்டின புருஷன் என்னை இழுக்கிற மாதிரி இழு.

– அந்த பலத்துலதாங்க இழுத்தேன்! சார், டெஸ்டுல நான் ஃபெயிலா?

– இன்னும் இல்லைம்மா. படகைப் பின்பக்கமா ஓட்டித் துறையில சேர்க்கணும். அது ஒண்ணுதான் பாக்கி. பதினஞ்சு நிமிஷம் தர்றேன். ரூல்னா ரூல்.

– இன்னிக்கு விட்டா அடுத்த டெஸ்டுக்கு ஆறு மாசம் ஆகும். திங்கக்கிழமை பயணிகள் படகுல டிரைவரா சேரணும், லைசன்ஸ் இல்லாம எப்படிப் போவேன்?

– பதறாதே, எஞ்சின் மூடியைத் திறந்துட்டேன். கேபிள் ரெண்டு இருக்கு. உன் லீவர்லேர்ந்து எஞ்சினுக்கு ஒண்ணு, இங்கேர்ந்து வெளியே புரொப்பெல்லருக்கு ஒண்ணு. எது மக்கர் பண்ணுதுன்னு...

– யோசிச்சுக்கிட்டே நிக்காம, என் பக்கத்துக் கேபிளை அங்க கழட்டி விடுங்க. ஆட்டிப் பார்க்கிறேன்.

– கிளிப்பைப் பிடுங்கிட்டேன். ஆட்டு.

– இப்பவும் இறுக்கம்! அப்ப கோளாறு இதுலதான். அந்த இன்னொண்ணைக் கையால தள்ளிப் பாருங்க.

– வழுக்கிக்கிட்டுப் போகுதும்மா! உன் கேபிள் மட்டும் ஏன் இறுகணும்? மாசாமாசம் அதுக்குள்ள எவ்வளவு ஆசையா கிரீஸ் அடைச்சேன்...

– அடப்பாவி மனுஷா! அதுக்குள்ள கிரீஸே போகக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கே! உள்ள களியாக் கட்டியிருக்கும்.

– நான் பாசம் வெச்சா எதுவும் உருப்படாது, தெரிஞ்சதுதானே.

– குடும்பச் சண்டை முடிஞ்சுதா? இன்னும் ஆறு நிமிஷம்.

– சார், ஸ்டியரிங்கை நான் பிடிக்கிறேன். இவர் எஞ்சின்கிட்டக் குனிஞ்சு கையால கியர் போடலாமா?

– ஸ்டியரிங்குல அடுத்தவர் கை படக் கூடாது. எஞ்சின்ல படக் கூடாதுன்னு ரூல் இல்லை... சரி, போடட்டும்.

– என்னங்க, நான் சொன்னாத்தான் போடணும். சொந்த புத்தி வேண்டாம்.

– கல்யாணம் ஆனதுலேர்ந்து அதானே வழக்கம்.

– ரிவர்ஸ்!

– போட்டாச்சு!

– நியூட்ரல்! காத்து இடப்பக்கம் தள்ளுது... ரிவர்ஸ்! இன்னும் கொஞ்சம்... நியூட்ரல்! முன்னாடி ஒரே ஒரு தட்டு! நியூட்ரல்!

– இடிக்கிற சத்தத்தையே காணோம். துறை வந்துடுச்சா?

– தொட்டுட்டோங்க! பூ விழுந்த மாதிரி!

– அம்மா, நீங்க பாஸ்! பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இவ்வளவு அழகா யாரும் துறை சேர்த்து நான் பார்த்ததில்லை. ஐயா, நீங்களும் நல்ல கியர். ஏறினதுலேர்ந்து முகத்தை மூடியிருக்கிற அந்தத் தொப்பியைக் கழட்டிட்டுக் கை குடுங்க... இருங்க, உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே?

– இதே துறையில மூணு தடவை என்னை ஃபெயிலாக்கினீங்க சார். இந்தத் தடவை பாதி பாஸாவது உண்டா?