மீன் பொரியும் சத்தம்

ஃபிரிட்ஜ் இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இத்தனை வருஷமாக அதன் பக்கத்திலேயே நின்று சமைத்திருக்கிறேன், ஒரு நாள்கூட உறைத்ததில்லை. முதல் வீடியோவை எடுத்து முடித்து, ஹெட்போனை மாட்டிக் கேட்டபோதுதான் தெரிந்தது. வெங்காயம் வதங்குவதற்குப் பின்னால் அது உறுமிக்கொண்டே இருந்தது. நீங்களும் வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள், மேடம்.

பேசாமல் சமைத்துக் காட்டுவது என்று முடிவு செய்ததற்கு என் மாமியார்தான் காரணம். நாத்தனார் வாங்கிக் கொடுத்த ஸ்டாண்டில் போனைச் செருகி, "வணக்கம்" என்று நான் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

"மூஞ்சியும் காட்டாதே, வாயும் திறக்காதே. பாக்கறவங்க வீட்டுப் பால் திரிஞ்சிடும்."

நான் கோபப்படவில்லை. யோசித்துப் பார்த்தபோது அதில் விஷயம் இருப்பதாகவே பட்டது. கையும் கடாயும் மட்டும் தெரியட்டும், எண்ணெய் பேசட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கும் அத்தைக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். அடித்தார், உதைத்தார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்; பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் செய்ததை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பார், தட்டை ஓரமாகத் தள்ளுவார், "வாயில வைக்க வெளங்கல" என்பார். தட்டு மட்டும் காலியாகித்தான் திரும்பி வரும். நுரையீரல் கெட்டுப்போய்ப் படுத்த பிறகும் அந்த வாய் படுக்கவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "இவ கையால சாப்பிட்டுத்தான் எனக்கு நெஞ்சு போச்சு" என்பார். நான் அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருப்பேன்.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். ஃபிரிட்ஜை அணைத்தேன், அடுப்படி ஃபேனை அணைத்தேன், சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். இரண்டாவது வீடியோவைப் பார்த்துவிட்டு நாத்தனார் போன் செய்தாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணி. பின்னால என்ன, லாரி எதுவும் நிக்குதா?"

அது அத்தையின் ஆக்சிஜன் மெஷின். கட்டில் பக்கத்தில் இரவும் பகலும் ஓடும், அதிலிருந்து ஒரு குழாய் மூக்குக்குப் போகும். அது நின்றால் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிப்பார் என்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். கரன்ட் போனால் மாற்றுவதற்கு மூலையில் ஒரு சிலிண்டரும் இருந்தது. அதைத் திறக்க எனக்குத் தெரியும். அவசரத்துக்குத் தவிர தொடக் கூடாது என்று என் கணவர் சொல்லியிருந்தார், நானும் தொட்டதில்லை.

மெஷினைச் சுத்தம் செய்ய வந்தவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். பிளக்கைப் பிடுங்கினால் கத்தி ஊரைக் கூட்டிவிடும் என்றார். "மெஷின்லயே இருக்கற பட்டனை அமுக்கினா கத்தாதும்மா, பேசாம நின்னுடும். துடைக்கும்போது கை பட்டுடாம பாத்துக்கங்க." பொறுப்பான மனிதர். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

முதல் தடவை, மீன் எண்ணெயில் விழும் அந்த ஒரு காட்சிக்காக மட்டும்தான் அணைத்தேன். அத்தை கண்ணயர்ந்திருந்தார். நான் திரும்பிப் போனபோது எழுந்து உட்கார்ந்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. பட்டனை அமுக்கினேன். மூச்சு திரும்பியதும், "மெஷின் ஏன் நின்னுச்சு?" என்றார்.

"கரன்ட் போச்சு, அத்தை."

அவர் அண்ணாந்து பார்த்தார். "ஃபேன் சுத்துதே."

அவர் கெட்டிக்காரர், அதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அடுத்த தடவையிலிருந்து அந்த ஃபேனையும் சேர்த்து அணைத்தேன்.

அன்று மதியம் அந்த மீனைத்தான் தட்டில் வைத்துக் கொடுத்தேன். முள் எடுத்து ஒரு வாய் தின்றார். என் முகத்தைப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா" என்றார்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவை, மேடம். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதேன். சந்தோஷம்தான்.

அதன் பிறகு வீடியோ எடுக்கும்போதெல்லாம் அணைத்தேன். எடுக்காத நாளிலும் சில முறை அணைத்தேன். அணைத்த நாட்களில் என் சமையல் அவருக்குப் பிடித்துப்போனது. உப்பு சரியாக இருந்தது, என் கைக்கு ஒரு ருசி இருந்தது. வருகிறவர்களிடம், "என் மருமக தங்கம்" என்று சொல்ல ஆரம்பித்தார். வீடியோ பார்க்கிறவர்களும் பாராட்டினார்கள். மீன் பொரிவது மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வீட்டுக்குள் அப்படி ஒரு நிம்மதி நான் பார்த்ததே இல்லை.

அதைக் கெடுத்துக்கொண்டது அவர்தான். நான் மாடியில் துணி காயப்போடுகிறேன் என்று நினைத்து மகளுக்கு போன் போட்டிருந்தார். ஸ்பீக்கரில்தான் பேசுவார், காது மந்தம். நான் கதவுக்கு வெளியே வாளியோடு நின்றேன்.

"அவ மெஷினை அணைக்கறாடி. என்னை வந்து கூட்டிட்டுப் போ."

"சும்மா இரும்மா. அண்ணியை ஏதாவது சொல்லிட்டே இருக்கணும் உனக்கு. நேத்துதான் மீன் நல்லா இருந்துச்சுன்னு சொன்னே."

"பயத்துல சொன்னேன். அது வாயில வைக்க வெளங்கல."

மெஷினைப் பற்றிச் சொன்னது எனக்குப் பெரிதாகப் படவில்லை. சொந்த மகளே நம்பவில்லையே. அடுத்துச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. என் கையால் தின்றுவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார். அந்தத் துணியை எல்லாம் எப்படி உலர்த்தினேன் என்றே நினைவில்லை.

மறுநாள் கணவர் வேலைக்குக் கிளம்பியதும் மீனைக் கழுவி மசாலா தடவி ஊறவைத்தேன். ஃபிரிட்ஜை அணைத்தேன், ஃபேன்களை அணைத்தேன், கடிகாரத்தைக் கழற்றினேன். அத்தையின் போனை எடுத்து அலமாரிமேல் வைத்தேன். கடைசியாக மெஷின் பக்கம் போனபோது அவர் விழித்திருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா சமைக்கறேம்மா. சத்தியமா நல்லா சமைக்கறே."

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். நோகாமல்தான் எடுத்தேன். பட்டனை அமுக்கிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அன்றைக்கு எங்கும் நிறுத்தாமல், எண்ணெய் காய்வதிலிருந்து கடைசித் துண்டு வரை ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

என் போனில் நீங்கள் முழுவதையும் பார்த்துவிட்டீர்கள். நடுவில் டம்ளரில் ஸ்பூனால் தட்டும் சத்தம் வரும். அத்தை என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். கேட்டதா என்றீர்கள். கேட்டது. நல்ல போன் அது, எவ்வளவு மெல்லிய சத்தத்தையும் பிடித்துவிடும். அதனால்தான் தட்டுவது நின்ற பிறகு வருகிற பகுதியை மட்டும் போட்டேன்.

சிலிண்டருக்கு மாற்றியிருக்கலாமே, அது சத்தமே போடாதே என்றும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதை அவசரத்துக்குத் தவிர தொடக் கூடாது. வீடியோ எடுப்பதை அவசரம் என்று எப்படிச் சொல்வது?

அணைத்தது நான்தான். திரும்பப் போடாததும் நான்தான். சாவார் என்று தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தட்டுவது கேட்டும் ஏன் எழுந்து போகவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மீன் கடாயில் இருந்தது, மேடம். அந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போனால் கருகிவிடும். கருகிவிட்டால் அதை முதலில் சொல்லிக் காட்டுவது அத்தையாகத்தான் இருக்கும்.